ஒரு துப்பாக்கி, இரண்டு குழல்

துப்பாக்கி துடைத்த துணியில் இளஞ்சிவப்பாக ஒரு கறை. மார்லி அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மோந்தும் பார்த்தாள். ரத்தமில்லை, நகப்பூச்சு.

டப்பாவைத் திறந்து, உள்ளே மிச்சமிருந்த துப்பாக்கிக் குழலை எடுத்துத் திருப்பினாள். பின்பக்கம் பொடி எழுத்தில் ஒன்பது என்று பொறித்திருந்தது. அது இங்கே இருக்கக் கூடாது. அம்மா இடுப்பில் இருக்கும் துப்பாக்கிக்குள் இருக்க வேண்டும்.

அப்படியென்றால் அம்மாவிடம் இருப்பது நாற்பது அளவுக் குழல். அதில் அடைத்திருப்பது ஒன்பது அளவுத் தோட்டா.

எண்ணைப் பார்த்துக் குழம்ப வேண்டியதில்லை. நாற்பது பருமன், ஒன்பது ஒல்லி. ஒல்லித் தோட்டா பருத்த குழலுக்குள் தாராளமாக உட்காரும். சுட்டால் வெடித்தாலும் வெடிக்கும். ஆனால் குண்டு தொளதொளவென்று ஆடிக்கொண்டு எங்கேயோ போகும். வெற்றுக் கூடு கிழிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். இரண்டாவது தோட்டா ஏறாது. இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தவளே மார்லிதான். அதுதான் கொடுமை.

மணி பத்தரை. வெள்ளிக்கிழமை, இந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை. அம்மா கார்லா விடிவதற்கு முன்பே, பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக் குளிரில், காஸ் லாரியோடு கிளம்பிப் போயிருந்தாள். பண்ணை பண்ணையாகப் போய்ப் புரொப்பேன் தொட்டிகளை நிரப்புவது அவள் வேலை. கடைசி வீடு ஹாகன் தம்பதியுடையது, ஓடைக்கு அந்தப் பக்கம். அங்கே போகிற பாதையில்தான் டேரல் வேலை பார்க்கும் மாட்டுப்பண்ணையின் கேட்.

டேரல் அம்மாவின் துணையாக இரண்டு வருஷம் இவர்களோடு இருந்தவன். அக்டோபரில் அம்மா போகச் சொன்னபோது, இரும்புக்கம்பியால் அம்மாவின் பிக்கப் வண்டியின் முன்கண்ணாடியை உடைத்துவிட்டுப் போனான். கிட்டே வரக் கூடாதென்று நீதிமன்றம் தாள் கொடுத்திருக்கிறது. இப்போது ஐந்தாறு வெள்ளிக்கிழமையாக அவன் அந்தக் கேட்டில் வந்து நிற்கிறான். ஒன்றும் செய்வதில்லை. லாரியைப் பார்த்துக் கையை மட்டும் தூக்குகிறான்.

அம்மா ஷெரீஃப் அலுவலகத்தில் போய்ச் சொன்னாள். "அவன் வேலை பாக்குற எடத்துல அவன் நிக்கிறான். அதுக்கு நாங்க என்னம்மா பண்றது?" என்றார்கள்.

அன்றைக்குச் சாயங்காலமே துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். அம்மாவிடம் ஏற்கெனவே ஒரு குட்டித் துப்பாக்கி உண்டு. கையுறை போட்ட கையில் அது மீன்குஞ்சு மாதிரி நழுவும். கடைக்காரர் ஆர்லோ கண்ணாடி மேஜைக்கு அடியிலிருந்து இன்னொரு குட்டியைத்தான் எடுத்து வைத்தார்.

"பொம்பளைங்கல்லாம் இதத்தான் வாங்குறாங்க கார்லா. கைப்பைக்குள்ள அடங்கிடும்."

"ஆர்லோ, நான் லிப்ஸ்டிக் வாங்க வரல."

"பெருசு கனமா இருக்குமேன்னு சொன்னேன்."

"பனிக்குள்ள நூறடிக் குழாய இழுக்குறவகிட்ட வந்து கனம்னு சொல்றியா? கை நெறைய ஒண்ணு எடு. கையுறையோட புடிச்சுப் பாக்கணும்."

ஆர்லோ உள்ளே போய், மூலைகளில் கறுப்புத் தேய்ந்து வெளுத்த ஒரு முழு அளவுத் துப்பாக்கியோடு வந்தார். போலீஸ்காரர்கள் எல்லாரும் நாற்பதிலிருந்து ஒன்பதுக்கு மாறிவிட்டார்கள், பழையவை சல்லிசாக வந்து குவிந்து கிடக்கின்றன என்றார். "இது சுட்டத விட உறைக்குள்ள தூங்கினதுதான் அதிகம்."

அம்மா தடித்த கையுறையோடு பிடித்துப் பார்த்தாள். மூன்று விரலும் பிடியில் உட்கார்ந்தன. சுண்டுவிரல் தொங்கவில்லை. வண்டிக் கண்ணாடி உடைவதற்கு முந்திய பழைய அம்மாவின் முகத்தை மார்லி வெகுநாளைக்குப் பிறகு அப்போது பார்த்தாள்.

ஆனால் சரளைக்குழியில் சுட்டுப் பார்த்தபோது அந்த நாற்பது, குதிரைக் குட்டி மாதிரி உதைத்தது. அம்மா ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டாள். அதுவரைக்கும் பக்கம் பக்கமாகப் படித்து வைத்திருந்த மார்லிதான் வழி சொன்னாள். துப்பாக்கியை மாற்ற வேண்டாம், குழலை மட்டும் மாற்றலாம். வெளியளவு நாற்பதுக்குப் பொருந்தி, உள்துளை மட்டும் ஒன்பதாக இருக்கும் குழல் தனியாக விற்கிறார்கள். தோட்டா அடைக்கும் மேகசினையும் மாற்றிக்கொண்டால் போதும், உதை பாதியாகிவிடும். பயிற்சிக்குத் தோட்டாவும் மலிவு.

தபாலில் வந்தது. போட்டார்கள். அம்மா கண்ணைத் திறந்துகொண்டு சுட்டாள். பத்தில் எட்டு தகரத்தில் விழுந்தன.

"இனிமே நீதான்டி நம்ம வீட்டு ஆயுத அதிகாரி. தொடைக்கிறது, மாத்துறது எல்லாம் உன் பொறுப்பு" என்றாள் அம்மா.

ஒரே ஒரு சிக்கல்தான். துப்பாக்கியின் மேல்பக்கத்தில் நாற்பது என்றுதான் பொறித்திருக்கும், உள்ளே எது இருந்தாலும். அதனால் மார்லி ஒன்பது குழலின் பின்பக்கத்தில், ஜன்னல் மாதிரி திறந்திருக்கும் இடத்தில் தெரியும்படி, சிவப்பு நகப்பூச்சால் ஒரு பட்டை தீட்டினாள். சிவப்பு தெரிந்தால் ஒன்பது. மங்கல் வெளிச்சத்திலும் தவறாது என்று பீற்றிக்கொண்டாள்.

கரிக்கறை போக்கும் திரவம் நகப்பூச்சையும் கரைத்துவிடும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

நேற்று இரவு இரண்டு குழல்களையும் ஊறவைத்துத் துடைத்தாள், காதில் பாட்டை மாட்டிக்கொண்டு. முதலில் கைக்கு வந்ததில் சிவப்பு இல்லை, அதனால் அது நாற்பது என்று டப்பாவில் போட்டாள். மற்றதைப் பார்க்கவே இல்லை, பூட்டிக் கொடுத்தாள். விடியற்காலையில் அம்மா வழக்கம்போலத் துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடை விரல் அகலம் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டாவின் பித்தளை மினுங்குகிறதா என்று பார்த்திருப்பாள். மினுங்கியிருக்கும். எந்தக் குழலில் மினுங்குகிறது என்று பித்தளை சொல்லாது. பட்டையைத் தேடவும் இல்லை போலிருக்கிறது. பெண்ணை நம்பியிருப்பாள்.

அம்மாவின் செல்லுக்கு ஆறு தடவை அடித்தாள். எடுக்கவில்லை. அந்தப் பக்கம் சிக்னல் கிடையாது, ரேடியோ ஒன்றுதான் எட்டும். ஆனால் காஸ் கம்பெனி ரேடியோவை ஊரே கேட்கும். லாரி எப்போது வரும் என்று தெரிந்துகொள்ள எல்லாப் பண்ணைக் கொட்டகையிலும் ஓடவிட்டிருப்பார்கள். டேரலும் கேட்பான். இங்கே இருந்தபோது குளித்துக்கொண்டே கேட்பவன் அவன்.

அம்மா துப்பாக்கி வேலை செய்யாது என்று ரேடியோவில் சொல்வதும், டேரல் காதில் போய்ச் சொல்வதும் ஒன்றுதான். அது மட்டுமில்லை. லாரியில் துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது கம்பெனி விதி. தெரிந்தால் இன்றைக்கே சாவியைப் பிடுங்கிக்கொள்வார்கள். வயிற்றுவலி என்று பொய் சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னால் அம்மா வண்டியைத் திருப்ப மாட்டாள். இரண்டு தெரு தள்ளியிருக்கிற கம்பெனி அலுவலகத்திலிருந்து டோரீனை அனுப்பிவைப்பாள். ஹாகன் கிழவரின் தொட்டி காலி, இந்தக் குளிரில் அவரை விட்டுவிட்டு வர அவளுக்கு மனசு வராது.

கம்பெனி அலுவலகத்தில் ரேடியோவைக் கவனிப்பவள் டோரீன். மார்லி அவளுக்குப் போன் போட்டாள்.

"டோரீன், அம்மாவுக்கு ஒரு சேதி சொல்லணும். அந்தச் சிவப்பு நகப்பூச்சு அழிஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க."

"என்னடி இது? நகப்பூச்சுக்கெல்லாம் ரேடியோவா? பக்கத்துல மொதலாளி உக்காந்துருக்காரு கண்ணு."

"ப்ளீஸ். நாளைக்கு டான்ஸ் இருக்கு. அம்மாவுக்குப் புரியும்."

"எவன்டி அந்தப் பையன்?"

"டோரீன்!"

"சரி சரி, கத்தாத." போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அவள் ரேடியோவில் பேசுவது கேட்டது. "கார்லா, உன் மகாராணி ஒரு அவசரச் சேதி அனுப்பிருக்கா. செவப்பு நகப்பூச்சு அழிஞ்சுபோச்சாம்."

கரகரப்பு. அப்புறம் வெகுதூரத்தில் அம்மாவின் குரல். "என்னது? நகப்பூச்சா? வீட்டுக்கு வந்து பேசிக்கலாம்னு சொல்லு."

அம்மாவுக்குப் புரியவில்லை. மார்லி வேறு மாதிரி சொல்லிப் பார்த்தாள்.

"ஒம்பதுலயும் அழிஞ்சுபோச்சுன்னு சொல்லுங்க. ஒம்பதுன்னு அழுத்திச் சொல்லுங்க. மிச்சம் இருக்குறத அவங்க பாக்கணும்னு சொல்லுங்க."

"மனுஷிக்குப் பத்து வெரல்டி. பத்தாவது எங்க போச்சு?"

"சொல்லுங்க டோரீன்!"

டோரீன் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்குப் பின்னால் ஓர் ஆண்குரலும் சிரித்தது. முதலாளியாக இருக்கும். ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு கொட்டகையில் இன்னொருத்தனும் இப்போது சிரித்துக்கொண்டிருப்பான் என்று மார்லிக்குத் தோன்றியது.

ரேடியோ கரகரத்தது. நடுவில் அம்மா ஏதோ சொன்னாள், காற்று பாதியை அடித்துக்கொண்டு போனது.

"என்ன சொன்னாங்க?"

"சரியா கேக்கல கண்ணு. சிரிச்ச மாதிரி இருந்துச்சு. இல்ல, இருமினாளோ என்னமோ."

"வண்டிய நிறுத்திட்டாங்களா?"

"எதுக்கு நிறுத்தணும்? ஓடை எறக்கத்துக்கிட்ட வந்துட்டான்னு நெனைக்கிறேன். எறங்கிட்டா ஹாகன் வீடு போற வரைக்கும் ரேடியோவும் எடுக்காது." டோரீனின் குரலிலிருந்து சிரிப்பு மெல்ல இறங்கியது. "ஏன்டி, அழுறியா?"

மார்லி ஒன்பது குழலைக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். வெளிப்படையாகச் சொன்னால் டேரலுக்கும் தெரியும். சொல்லாவிட்டால் அம்மாவுக்குத் தெரியாது.

"மார்லி? மைக்க அழுத்திக்கிட்டு காத்துட்டிருக்கேன். வேற ஏதாவது சொல்லணுமா?"