சகலை அடித்த கூடாரம்

அலாரம் அடிப்பதற்கு முன்பே விழித்துவிடுவேன். பால் காய்ச்சுவேன். முட்டை வேகவைப்பேன். மகளை எழுப்புவேன், முதல் தடவை அசைய மாட்டாள், இரண்டாம் தடவை போர்வையை இழுப்பேன். தலை சீவிவிடுவேன். வகிடு கோணலாகத்தான் வரும். அவளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கண்ணாடிக் கடைக்குப் போவேன். அங்கே என் வேலை கண் பரிசோதனை. இருட்டறையில் உட்கார்ந்திருப்பவர்களின் கண்முன் வில்லைகளை மாற்றி மாற்றி வைத்து, இது தெளிவா, அது தெளிவா என்று கேட்க வேண்டும். மனைவி இறந்த பிறகும் இதையேதான் செய்தேன். என்னை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லியிருப்பேன்.

பள்ளிக்கு நீண்ட விடுமுறை விட்டதும் மனைவியின் அக்கா போன் செய்தார். பெரிய ஏரிக்கரையில் கூடாரம் போட்டுச் சில நாள் தங்கப்போகிறோம், நீங்களும் வர வேண்டும் என்றார். கொஞ்சம் தயங்கி, திரும்பும்போது பாப்பா தங்களுடன் வந்துவிடட்டும், தங்கள் ஊரிலேயே பள்ளியில் சேர்த்துத் தானே வளர்ப்பதாகச் சொன்னார். தனி ஆளாக எவ்வளவு நாள் அல்லாடுவீர்கள் என்று கேட்டார். சரிக்கா என்றேன். மகளின் துணி எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினேன். ஏரிக்கு எதற்கு இத்தனை ஸ்வெட்டர் என்று கேட்டாள். குளிரும் என்றேன்.

அந்த ஏரிக்கு மறுகரை கண்ணுக்குத் தெரியாது. மகள் அதைக் கடல் என்று முடிவுகட்டி, விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்து ஏமாந்தாள். அக்காவின் கணவர், என் சகலை, லிஃப்ட் மெக்கானிக். பத்து மாடிக்குக் கம்பி இழுக்கிறவனுக்கு இந்தத் துணி வீடு ஒரு வேலையா என்று யாரையும் கிட்டே விடவில்லை. மற்றவர்கள் எல்லாரும் மேட்டில், மரத்தடியில் கூடாரம் போட்டிருந்தார்கள். சகலை தண்ணீருக்குப் பக்கத்து மணலில் போட்டார். படுத்துக்கொண்டே காலை நனைக்கலாமாம். மேலே போடலாமே என்ற அக்காவிடம், ஏறி வர இது என்ன கடலா என்றார். படித்தவன் என்று அக்கா என்னைப் பார்த்தார். சகலை சொல்வது சரிதான் என்றேன். எனக்கும் ஏரியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

நாட்கள் நன்றாகவே போயின. தண்ணீரில் கல்லைத் தத்தவிடுவது எப்படி என்று சகலை மகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். அவள் கல் தத்திப் போனது. அவருடையவை எல்லாம் முங்கின. கல் சரியில்லை என்றார். அக்கா எனக்கு வேளாவேளைக்குத் தட்டில் சோறு போட்டு, காலியாகும் வரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். நன்றி சொன்னால் திட்டு விழும். பேசாமல் சாப்பிட்டேன்.

கிளம்ப வேண்டிய நாள் விடிந்தபோது முதுகு ஜில்லென்றது. ராத்திரி முழுக்கக் காற்று ஒரே பக்கமாக அடித்தால் பெரிய ஏரி இந்தக் கரையில் ஏறிவிடும் என்று மேட்டுக் கூடாரத்துக்காரர் பிற்பாடு விளக்கினார். அதற்குள் ஏறிவிட்டிருந்தது. சகலை கடைசியாக எழுந்தார். எழுந்ததும், யாரு தண்ணியக் கொட்டினது என்று கேட்டார்.

ஈர மணலில் முளைகள் பிடுங்கிக்கொண்டன. கூடாரம் பறக்கப் பார்த்தது. நான் கம்பத்தைக் கட்டிப் பிடித்தபடி, நீயும் பிடிச்சுக்கோ என்று மகளிடம் சொன்னேன். சகலையும் அக்காவும் சாமான்களை மேட்டுக்குக் கொண்டு போனார்கள். பிறகு அக்கா வந்து மகளைத் தூக்கப் பார்த்தார். அவள் கையை எடுக்கவில்லை.

"அப்பா இன்னும் விடச் சொல்லல, பெரிம்மா."

பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவள் கை என் கைக்குக் கீழே இருந்தது. நனைந்திருந்தாலும் சூடாக இருந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. கூடாரத்தை அவிழ்க்கும் வரை விடு என்று சொல்லத் தோன்றவில்லை.

வெயில் வந்தது. சகலையும் மகளும் மிதந்து போன செருப்பைத் தேடிப் போனார்கள். மகளின் பெட்டி முழுக்க நனைந்திருந்தது. அக்கா ஒவ்வொரு ஸ்வெட்டராகப் பிழிந்து செடிமேல் போட்டார். நான் உதறிக் கொடுத்தேன்.

"அக்கா, பாப்பா என்கூடவே இருக்கட்டும்."

கோபப்படுவார் என்று நினைத்தேன். பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு மட்டும் அவள உங்ககிட்டருந்து பிரிக்கணும்னு ஆசையா தம்பி? பேக்கரில வேலைய விடறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். அந்த அடுப்பு முன்னாடி நின்னாத்தான் எனக்கு நாளே நாளா இருக்கும். ஆனா அவ வாக்கு இருக்கே."

என்ன வாக்கு என்று கேட்டேன்.

"பாப்பாவ அக்காதான் வளக்கணும்னு சொல்லிட்டுத்தானே கண்ண மூடினா. எங்க சித்தி சொன்னாங்களே."

சித்தி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. துக்க வீட்டில் யார் அழுதாலும் மனம் கேட்காமல், செத்தவர் உன்னைப் பற்றித்தான் கடைசியாகப் பேசினார் என்று ஆறுதல் சொல்வது அவர் பழக்கம். மாமனார் போனபோதும் வந்தவர்களுக்கு ஆளுக்கொரு கடைசி வார்த்தை கிடைத்தது. சகலைக்கு, மூத்த மாப்பிள்ளை மாதிரி வராது என்பது. அவர் இன்றுவரை நம்புகிறார்.

அறையில் இருந்தது நான் மட்டும்தான், அப்படி எதுவும் அவள் சொல்லவில்லை என்றேன். அன்று மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரக் கிளம்பினேன், திரும்பி வந்தபோது மனைவிக்கு நினைவு தப்பியிருந்தது.

அக்கா என்னையே பார்த்தார். யாரோ சொன்னதற்காகப் பிடித்த வேலையை விட்டவர். அவரிடம் நான் ஒரு தடவைகூட, ஏன் இதெல்லாம் செய்கிறீர்கள் என்று கேட்டதில்லை.

"அப்ப என்னதான் சொன்னா?"

சொன்னேன். அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. பிழிந்துகொண்டிருந்த ஸ்வெட்டரிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவளேதான், அச்சு அசல் அவளேதான் என்றார். எழுந்து போய் பேக்கரி முதலாளிக்குப் போன் போட்டார், திரும்பவும் வேலைக்கு வருவதாக. நான் காயாத துணிகளை ஒவ்வொன்றாக எங்கள் பெட்டிக்குள் வைத்தேன்.

அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்தபடி என் மனைவி சொன்னது இதுதான்:

"இன்னும் இங்க என்ன பண்ற, கிளம்பு. லேட்டா போனா உன் பொண்ணு கேட்லயே மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு நிப்பா. அப்புறம் நீதான் கெஞ்சணும்."