அணையின் கணக்கில் ஒன்று

விரல் நீள சால்மன் குஞ்சுகளின் வயிற்றைக் கீறி, அரிசி அளவு கருவியை வைத்துத் தைப்பது என் வேலை. எத்தனை குஞ்சுகள் உயிரோடு அணையைத் தாண்டுகின்றன என்பதை அந்தக் கருவி சொல்லும். அமெரிக்கப் பழங்குடிகளான எங்கள் நெஸ் பெர்ஸ் ஜனம் மீன் பிடித்த பாறைகளை மூழ்கடித்த அணை அது. எங்கள் வீட்டில் ரொட்டி கருகினாலும் திட்டு அணைக்குத்தான்.

திங்களன்று, கூட வேலை பார்க்கும் ரோவீனா அக்காவோடு கூடைப்பந்து ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே, ஒரு குஞ்சை மயக்க மருந்து வாளியில் அதிக நேரம் விட்டுவிட்டேன். தைத்த பிறகும் அது சாய்ந்து சாய்ந்துதான் நீந்தியது. ஒதுக்கியிருக்க வேண்டும். மற்றவற்றோடு சேர்த்து ஆற்றில் விட்டேன்.

புதனன்று, கருவிகளின் சிக்னலைக் காட்டும் திரையில் பார்த்தால், ஒரு குஞ்சு மட்டும் அணையருகிலிருந்து திரும்பி ஆற்றில் மேலே போய்க்கொண்டிருந்தது. கடலுக்குக் கிளம்பிய குஞ்சு அப்படித் திரும்பாது. கருவியின் எண்ணைப் பார்த்தேன்: திங்களன்று சாய்ந்து நீந்திய அதே குஞ்சு.

"ஏதோ பெரிய மீன் வயித்துல சவாரி போகுது," என்றாள் அக்கா. "நீ தைச்சதுதானேடா? விடும்போது நல்லாத்தானே இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சுக்கா. அணை முன்னாடி வழி தெரியாம சுத்திச் சோர்ந்திருக்கும்."

"பாழாப்போன அணை," என்று அவள் அந்தச் சாவையும் அணையின் கணக்கில் சேர்த்தாள்.

ஜன்னலுக்கு வெளியே அந்தக் கான்கிரீட் சுவர் சும்மா நின்றது. பிறந்ததிலிருந்து திட்டி வந்த அதை, அன்று என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.