வைப்பருக்கு ஒன்பது கட்டம்

எங்கள் காரின் வைப்பரில் ஒரு கை நின்றுபோனது ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி, லஸ் முனையில், இரவு எட்டு ஐம்பதுக்கு. நேரம் சரியாகத் தெரியும், நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். பெரிய மழைகூட இல்லை. பக்கத்து இருக்கைக்கு முன்னால் இருந்த கை ஒழுங்காகப் போய்வந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால் இருந்தது மட்டும் படுத்துவிட்டது. யாருமில்லாத இருக்கைக்குத் தெளிவான கண்ணாடி. நான் அந்தப் பக்கமாகத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபடி சாந்தோம் வந்து சேர்ந்தேன்.

அப்பா வாசலில் நின்று பார்த்தார். பள்ளிக்கூட ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆம்ப்ரோஸ் சார் என்றால் எங்கள் தெருவில் இன்னும் சிலர் நிமிர்ந்து நிற்பார்கள்.

ஆதம்பாக்கத்தில் இருக்கும் தன் பழைய நண்பரைத்தான் முதலில் இழுத்தார். "இந்த வண்டிய ஃபிரெட்ரிக் கேட்டுட்டே இருக்கான், ரெனி. குடுத்துடலாம்."

"இது வெறும் வைப்பர்ப்பா. நான் சரி பண்ணிடறேன்."

"எப்ப? அக்டோபர் ரெண்டாவது ஞாயிறு வரைக்கும் டைம். அதுக்கப்புறம் மழை வந்துடும். வைப்பர் ஓடலைன்னா வண்டி ஆதம்பாக்கம் போயிடும்."

"அவர் மட்டும் வைப்பர் இல்லாம எப்படி ஓட்டுவாரு?"

"அவன் மழையில வெளிய வரவே மாட்டான்."

அப்பாவுக்கு அது ஒரு பழைய வண்டி. எனக்கு அது என் வகுப்பு. பகலில் தரமணியில் வேலை. வாரத்தில் மூன்று மாலை தி. நகரில் கொள்முதல் மேலாண்மை டிப்ளமோ வகுப்பு, எட்டரைக்கு முடியும். போன வருடம் பேருந்தில்தான் போய்வந்தேன். மழை மாதத்தில் ஏழு வகுப்பு போயிற்று. வருகை போதவில்லை என்று பரீட்சை எழுத விடவில்லை. இந்த வருடம் மறுபடியும் பணம் கட்டி, மறுபடியும் முதல் பாடத்திலிருந்து படிக்கிறேன். வண்டி போனால் மறுபடியும் அதே கதைதான்.

மறுநாள் மீர்சாகிப்பேட்டைக்குப் போனேன். அங்கே ஷரஃபுதீன் பாய் என்ற மெக்கானிக் வண்டியை வெளியிலிருந்தே பார்த்து, "லிங்கேஜா இருக்கும் பாப்பா. கழட்டினாதான் தெரியும்" என்றார். லிங்கேஜ் என்பது மோட்டாரிலிருந்து இரண்டு வைப்பர் கைகளுக்கும் ஆட்டத்தைக் கொண்டுபோகும் கம்பி. அவர் சொன்னதில் முதல் பாதியை மட்டும் நான் குறித்துக்கொண்டேன்.

அதே சந்தில் ஆஃப்ரீனின் உதிரிபாகக் கடை. என் வயதுதான் இருக்கும். முழங்கை வரை சுருட்டிய கை, காதில் பேனா.

"இந்தக் கம்பெனிதான் இந்தியாவ வுட்டே போயிடுச்சே. தேடணும். அஞ்சாயிரத்து ஐநூறு ஆவும், கெடைச்சா. பழச கழட்டி எடுத்துனு வா. வெச்சுப் பாத்துதான் சொல்லுவேன்."

"பார்ட் நம்பர் இருக்கு. நம்பர் சொன்னா போதாதா?"

"நம்பரு உனுக்கு. எனுக்கு பீஸு வேணும்." அவள் சுவரைக் காட்டினாள். பழைய காலண்டர் தாள்கள் ஆணியில் கத்தையாகத் தொங்கின. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் பென்சிலில் ஏதோ ஒரு வளைந்த உருவம். வாடிக்கையாளர் கொண்டுவரும் பழைய பாகத்தைத் தாளில் வைத்து ஓரம் வரைந்துகொண்டு, அந்தத் தாளோடு கடை கடையாக ஏறி இறங்கித் தேடுவார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்சம் சந்தேகமும் வந்தது. பழையதைக் கழற்றி அவள் மேசையில் வைத்துவிட்டால் பிறகு அவள் சொல்வதுதானே விலை? என் பெயரைக் கொடுத்து, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வந்தேன்.

யோசித்தேன் என்பது சரியான சொல் இல்லை. அட்டவணை போட்டேன். வகுப்பில் அந்த வாரம் 'விற்பனையாளர் ஒப்பீடு' வீட்டுப்பாடம். ஒன்பது கட்டம்: விலை, அனுப்பும் செலவு, சுங்கவரி, வந்து சேரும் நாள், மாதிரி, ஆண்டு, திருப்பி அனுப்பும் வசதி, வாங்கியவர்கள் கருத்து, அபாயம். வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்குக் கீழே வந்தது. மாதிரி சரி, ஆண்டு சரி. பாக எண்ணில் கடைசியில் ஒரு எழுத்து மட்டும் வேறு. அன்றைய நாட்குறிப்பில் 'நிறமாக இருக்கலாம்' என்று எழுதியிருக்கிறேன். வண்டிக்குள் யாருக்கும் தெரியாமல் கிடக்கும் கம்பிக்கு யார் நிறம் பார்ப்பார்கள் என்று அன்றைக்குத் தோன்றவில்லை. அட்டவணையை மூன்று முறை சரிபார்த்து, ஆர்டர் போட்டு, அதையே வகுப்பிலும் கொடுத்தேன். பத்துக்கு ஒன்பது. சார் அதை எல்லோருக்கும் காட்டினார்.

பொட்டலம் வந்தது அக்டோபர் இரண்டாவது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்குள் வராதோ என்று பதினொரு நாள் பயந்ததில், வந்ததே போதும் என்றிருந்தது. சனிக்கிழமை காலை பட்டினப்பாக்கம் பக்கமாக மேகம் கூடியிருந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஷரஃபுதீன் பாயிடம் போனேன். ஆஃப்ரீன் கண்ணில் படாமல் முடித்துவிடலாம் என்று பார்த்தேன். அந்தச் சந்தின் அகலம் எட்டடி.

"இன்னா ரெனிட்டா, யோசிச்சு முடிச்சிட்டியா? ஒன்ற மாசம் ஆச்சே!"

கையிலிருந்த நீள அட்டைப்பெட்டியை மறைக்க முடியவில்லை.

"ஆன்லைன்ல வாங்கினேன். வெளிநாட்டுலேர்ந்து."

"எவ்ளோ?"

சொன்னேன்.

"அட! சீப்பாதான் கீது." அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

பாய் பானெட்டைத் திறந்து, அரை மணி நேரத்தில் பழையதைக் கழற்றி எடுத்தார். புதியதை உள்ளே இறக்கினார். எடுத்தார். திருப்பி இறக்கினார். தலையைச் சொறிந்தார்.

"இன்னா பாப்பா இது, உக்கார மாட்டுது?"

"மாடல் சரிதான் பாய். வருஷமும் சரி. மூணு வாட்டி பாத்தேன்."

ஆஃப்ரீன் ஒரு காலண்டர் தாளைக் கொண்டுவந்து விரித்தாள். பழையதை வைத்து ஓரம் வரைந்தாள். அதன்மேல் என் புதுக் கம்பியை வைத்தாள். மோட்டார் உட்காரும் வளைவு ஒன்றில் இந்தக் கோடியில் இருந்தது, மற்றதில் அந்தக் கோடியில். பிறகு தாளைத் தூக்கி, பின்பக்கம் முன்னால் வரும்படி டியூப்லைட்டில் பிடித்தாள். பென்சில் கோடு தாளின் ஊடாகத் தெரிந்தது. அதன்மீது புதுக் கம்பியைப் பிடித்தாள். ஓட்டை முதற்கொண்டு ஒரு மயிரிழை பிசகவில்லை.

"மச்சி," என்றாள், "அந்த ஊர்ல ஸ்டீயரிங் எந்தப் பக்கம்?"

எனக்குக் காது சூடாகிவிட்டது. ஒன்பது கட்டம் போட்டவளுக்கு, ஓட்டுகிறவர் எந்தப் பக்கம் உட்காருகிறார் என்று ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை.

"ரைட் கால் வாங்கப் போயி லெஃப்ட் கால் செருப்பு வாங்கிட்ட," என்று பாய் சிரித்தார். "பரவால்ல, நல்ல செருப்பு."

"நாளைக்குக் காலையில வண்டிய கேட்டு ஆள் வராரு பாய்," என்றேன். "வைப்பர் ஓடலைன்னா அப்பா குடுத்துடுவாரு."

ஆஃப்ரீன் சிரிப்பை நிறுத்தினாள். "நானும் இன்னிக்குள்ள தேட முடியாதே. சனிக்கெழம மதியத்தோட பாதி கட மூடிடுவான்."

பாய் அதற்குள் பழைய கம்பியை மடியில் வைத்து ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "கம்பி நல்லாதான் கீது. பாரு, வளையல, ஒடையல. மூட்டுல இருக்கற பிளாஸ்டிக் புஷ்ஷுதான் தேஞ்சு கழண்டுக்கினுது. கழட்டினாதான் தெரியும்னு அப்பவே சொன்னேன்ல?"

சொல்லியிருந்தார். நான் எழுதிக்கொள்ளாத மறுபாதி.

"அந்த புஷ் உன் கடையில இருக்கா?" என்று ஆஃப்ரீனைக் கேட்டேன்.

"தனியா எவனும் விக்க மாட்டான். முழு கம்பி வாங்கினாதான் அதோட வரும்." சொல்லிவிட்டு அவள் என் புதுக் கம்பியைப் பார்த்தாள். பாயும் பார்த்தார். நானும் பார்த்தேன். அதன் மூட்டுகளில் மூன்று வெள்ளை புஷ்கள், சின்ன வளையங்கள், புத்தம் புதிதாக உட்கார்ந்திருந்தன. வட்டத்துக்கு இடமேது, வலமேது?

அடுத்த ஒரு மணி நேரம் திருவிழா மாதிரி இருந்தது. பாய் மூன்று புஷ்களையும் நெம்பி எடுத்தார். ஆஃப்ரீன் டீக்கடையிலிருந்து ஒரு கிளாஸ் கொதிக்கும் வெந்நீர் வாங்கிவந்தாள். புஷ்களை அதில் போட்டு இளக வைத்து, ஒவ்வொன்றாகப் பழைய கம்பியில் அழுத்தினார்கள். டீக்கடைக்காரர் வந்து, "எங்க கிளாஸுல இன்னாத்த ஊறப் போட்டுக்கினு கீறீங்க?" என்று கத்தினார். கிளாஸுக்கும் நான் பணம் கொடுத்தேன். எல்லாம் பூட்டி சாவியைத் திருப்பியதும் இரண்டு கைகளும் சேர்ந்து எழுந்து, சேர்ந்து படுத்தன. காய்ந்த கண்ணாடியில் அவை கீச்சிட்டது எனக்குப் பாட்டுப் போல இருந்தது.

"என்ன குடுக்கணும் ஆஃப்ரீன்?"

"பாய்க்கு கூலி குடு. எனக்கு அந்த ஃபாரின் கம்பிய குடுத்துட்டுப் போ."

"அத வெச்சு என்ன பண்ணுவ?"

"வாசல்ல தொங்க வுடுவேன். ஆன்லைன்ல சீப்புன்னு எவனாச்சும் சொன்னா காட்டுவேன். கீழ உன் பேரு எழுதட்டா?"

"வேணாம்."

"எழுதுவேன்."

ஞாயிறு காலைப் பூசை முடிவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மழையில் வெளியே வரவே மாட்டார் என்று அப்பா சொன்ன ஃபிரெட்ரிக் அங்கிள், முழுக்க நனைந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். வண்டிமேல் அவ்வளவு ஆசை. அவருக்குத் துண்டு கொடுக்கும்போதும் என் கண் வைப்பர் மேலேயே இருந்தது. நேற்று ஓடியது காய்ந்த கண்ணாடியில். புஷ் இளகியிருந்தால்? ஒன்று தெறித்திருந்தால்?

"போட்டுக் காட்டு, ரெனி," என்றார் அப்பா.

போட்டேன். ஓடியது. ஒவ்வொரு முறை படுக்கும்போதும் 'டொக்' என்று ஒரு சத்தம். நேற்று அது இல்லை.

"சத்தம் வருதே, ஆம்ப்ரோஸ்," என்றார் அங்கிள், நம்பிக்கையோடு.

அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை உற்றுப் பார்த்தார். விடைத்தாள் திருத்தும்போது அவர் முகம் அப்படித்தான் இருக்கும்.

"ஓடணும்னுதான் சொன்னேன். சத்தம் வரக் கூடாதுன்னு சொல்லல," என்றார். "வண்டி இங்கதான் இருக்கும்டா. ரெனி, இவன ஆதம்பாக்கத்துல விட்டுட்டு வா. இந்த மழையில ஆட்டோ கெடைக்காது."

அடையாறு பாலம் தாண்டினோம். அங்கிள் வைப்பரையே பார்த்துக்கொண்டு, "எங்கம்மா வாங்கின? வெளிநாட்டுதா, நம்ம ஊருதா?" என்று கேட்டார்.

"ரெண்டும், அங்கிள்."

திங்கள்கிழமையும் மழை. முப்பது பேர் வகுப்பில் பதினொரு பேர்தான் வந்திருந்தோம். பத்தாவது கட்டமும் சேர்த்து அட்டவணையைத் திருத்தி எழுதிக் கொடுத்து, நடந்ததையும் சொல்லி, என் மதிப்பெண்ணை ஆறாகக் குறைக்கும்படி கேட்டேன். சார் வெகுநேரம் சிரித்துவிட்டு ஏழு போட்டார். வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு எதிரே டிக் விழுந்ததா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் இடத்துக்கு வந்தேன்.