கூஜாத் தண்ணீர்

நமச்சிவாயம் வாத்தியாருக்கு அந்த ஐப்பசி மாதம் முழுக்க வயிற்றெரிச்சல். சாப்பாட்டால் வந்ததல்ல, சௌந்தரராஜனால் வந்தது. வில்லியனூரிலிருந்து மாற்றலாகி வந்த அந்தப் பொடியன், நல்லவாட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தை ஒரே வாரத்தில் மயக்கிப் போட்டுவிட்டான்.

அப்படி என்ன புதிதாகச் சொல்லிவிட்டான்? பதினோரு வருஷமாக இவர் எழுதப் போட்ட அதே பாடம்தான். இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொண்டால் அது சகப்பிணைப்பு. அடிக்கோடு போடுங்கள், மனப்பாடம் செய்யுங்கள். பிள்ளைகள் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதினார்கள். அவனோ கஸ்தூரி, ஆண்டாள் என்ற இரண்டு பெண் பிள்ளைகளை எதிரெதிரே நிறுத்தி, ஆளுக்கொரு கைக்குட்டையைக் கொடுத்து, இரண்டையும் இருவருமாகப் பிடித்துக்கொள்ளச் சொன்னான்.

"இப்ப இந்த ரெண்டு கர்சீப்பும் யாரோடது?"

"ரெண்டு பேரோடதும் சார்!"

அந்தக் கூச்சல் இரண்டு வகுப்புக்கும் நடுவிலிருந்த தட்டியைத் தாண்டி நமச்சிவாயத்தின் காதில் வந்து விழுந்தது. அப்புறம் கைதட்டல். அவருக்கு இத்தனை வருஷத்தில் ஒரு பிள்ளை கை தட்டியிருக்குமா? கொசு அடிக்கத் தட்டியிருந்தால் உண்டு.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியவர் ஹெட்மாஸ்டர் தெய்வநாயகம். "இன்ஸ்பெக்டர் வர்றாரு. ரெண்டு பேர் பாடத்தையும் பாக்கட்டும். பதினோராம் கிளாஸ் கெமிஸ்ட்ரி யாருக்குன்னு அவரு சொல்றபடி செய்யலாம்" என்றார். பதினோராம் வகுப்பு நமச்சிவாயத்தின் கோட்டை. அது போனால் அப்புறம் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட வேண்டியதுதான்.

இன்ஸ்பெக்டர் வந்த காலையில் சௌந்தரராஜன் வேர்க்க விறுவிறுக்க ஓடி வந்தான். "சார், சோதனைக்கு வெச்சிருந்த காய்ச்சி வடிச்ச தண்ணி தீந்துபோச்சு. நம்ம கெணத்துத் தண்ணி எப்பிடி சார்?"

டீக்கடையே கதியென்று கிடக்கும் அவன் அந்தக் கிணற்றில் ஒரு வாய் குடித்ததில்லை. கடலுக்குப் பக்கத்துக் கிணறு. வாயில் வைத்தால் குமட்டும். பாகூரிலிருந்து சைக்கிளில் வரும் நமச்சிவாயம், வீட்டில் பிடித்த மழைத்தண்ணீரைக் கூஜாவில் நிரப்பி ஹாண்டில் பாரில் மாட்டிக்கொண்டு வருவதே அதற்காகத்தான். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்தக் கைதட்டல் ஞாபகம் வந்ததும் உள்ளே போய்விட்டது.

"கண்ணாடி மாதிரி இருக்கும்பா" என்றார். பொய்யில்லை. தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது.

முதலில் இவர் பாடம் முடிந்தது. இன்ஸ்பெக்டர் இரண்டு முறை கடிகாரம் பார்த்தார். அடுத்தது அவன் பாடம். நமச்சிவாயம் கூஜாவோடு போய்க் கடைசி பெஞ்சில் வசதியாக உட்கார்ந்துகொண்டார். கரண்டியில் மெழுகு சட்டென்று உருகியது. உப்பு படபடவென்று வெடித்ததே தவிர உருகவில்லை. இரண்டு கரித்தண்டு, வயர், ஒரு பல்பு. உப்புக் கரைசலில் பல்பு எரிந்தது. மண்ணெண்ணெயில் எரியவில்லை.

"சர்க்கரை சகப்பிணைப்புள்ள பொருள். தண்ணியில கரையும், ஆனா அயனியாப் பிரியாது. அதனால பல்பு எரியாது" என்று சொல்லி, கிணற்றுத் தண்ணீரில் கரைத்த சர்க்கரையில் கரித்தண்டுகளை முக்கிச் சௌந்தரராஜன் சுவிட்சைப் போட்டான்.

பல்பு ஜம்மென்று எரிந்தது.

நமச்சிவாயத்தின் நெஞ்சில் ஒரு தீபாவளியே வெடித்தது. அவன் முகம் வெளிறியது. ஆனால் பாவி, அசடு வழியாமல் பிள்ளைகளைப் பார்த்து, "ஏன் எரியுது? யாராவது சொல்லுங்க" என்று கேட்டுவிட்டான்.

கஸ்தூரி எழுந்தாள். "தண்ணியே உப்பு சார். அத்த குடிக்க முடியாதுன்னுதான நமச்சிவாயம் சார் வூட்லேர்ந்து கூஜாவுல கொண்டாறாரு!"

வகுப்பே திரும்பிப் பார்த்தது. மடியில் கூஜா. அதை எங்கே ஒளிப்பது?

சௌந்தரராஜன் நடந்து வந்தான். அவர் கண்ணை ஒரு கணம் பார்த்தான். "கொஞ்சம் தண்ணி குடுங்க சார்" என்று மட்டும் கேட்டான். கரித்தண்டுகளையும் கண்ணாடிக் குவளையையும் அந்தத் தண்ணீரிலேயே கழுவி, மிச்சத்தில் சர்க்கரையைக் கரைத்துச் சுவிட்சைப் போட்டான். பல்பு இருட்டாகவே இருந்தது.

"நமச்சிவாயம் சாருக்கு எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். ஓட்டுக் கூரை அதிரத் தட்டினார்கள். பதினோரு வருஷமாக ஏங்கிய கைதட்டல் அவர் மேல் கல்மழையாக விழுந்தது.

இன்ஸ்பெக்டர் மட்டும் தட்டவில்லை. வெளியே வந்ததும் மெல்லக் கேட்டார்: "நீங்க இவருக்கு முன்னாடியே சொல்லலையா?"

தெரியாது என்றால் முட்டாள். தெரியும் என்றால் அயோக்கியன்.

"அவசரத்துல நான் சரியாக் கேக்கல சார்" என்று சௌந்தரராஜன் குறுக்கே புகுந்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். பதினோராம் வகுப்பு அவனுக்கே என்று ஹெட்மாஸ்டர் சொன்னபோது வலித்ததைவிட, அவன் இப்படிக் காப்பாற்றியது அதிகம் வலித்தது.

"டீ சாப்புடலாம் வாங்க சார்" என்று கூப்பிட்டான். "வேணாம், நீ போ" என்றுவிட்டார். தொண்டை வறண்டு கிடந்தது. கூஜாவில் சொட்டு இல்லை. கிணற்றடிக்குப் போய் ஒரு வாளி இறைத்து, கையில் ஏந்தி வாயில் ஊற்றிக்கொண்டார். குமட்டியது.

துப்பலாம் என்று குனிந்தவர் நிமிர்ந்தார். ஜன்னலில் கஸ்தூரியும் ஆண்டாளும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழுங்கினார்.