ஒரு ஸ்டூல் கேட்டு

பள்ளி நாடகத்தில் கதாநாயகி வேடம் எனக்கு வேண்டும். மரமாகவும் காவலாளியாகவும் கூட்டத்தில் நாலாவது ஆளாகவும் நின்று நின்று அலுத்துவிட்டது. இது எனக்குக் கடைசி வருடம். தேர்வுக்கு வருகிறவர்கள் இரண்டு நிமிடம் தனியாகப் பேசிக் காட்ட வேண்டும், எதைப் பேசுவது என்பது அவரவர் விருப்பம் என்று சொல்லிவிட்டார் நாடக டீச்சர். அந்த விருப்பம்தான் என் கழுத்தை அறுத்தது.

நூலகத்தில் கிடைத்த நாடகங்களில் எல்லாம் அரசிகள் சாபம் விட்டார்கள். நானும் கண்ணாடி முன்னால் விட்டுப் பார்த்தேன். ஜலதோஷக்காரி தும்மப் போவது போல இருந்தது.

தேர்வுக்கு முந்தின நாள் காலையில் அம்மாவின் பேச்சு காதில் விழுந்தது. ஏழு மாதமாகத் தினமும் விழுவதுதான், அன்றுதான் காது கொடுத்தேன். அம்மாவுக்கு ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. ஒன்பது மணி நேரம் நின்றுகொண்டே அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்ட வேண்டும். கணுக்கால் வீங்கி, செருப்பு வாரைக்கூட மாட்ட முடியவில்லை. சூப்பர்வைசரிடம் உட்கார ஒரு ஸ்டூல் கேட்க வேண்டும். கேட்கத்தான் வாய் வரவில்லை. அதனால் என் யூனிஃபார்ம் சட்டையை இஸ்திரி போட்டு நாற்காலி முதுகில் மாட்டி, அதையே சூப்பர்வைசராக வைத்து ஒத்திகை பார்ப்பாள்.

"சார், ஒரு நிமிஷம். தப்பா நெனச்சுக்காதீங்க. வேல ஒண்ணும் கொறையாது சார். ஓரமா ஒரு ஸ்டூலு... ஸ்டூலுகூட வேணாம் சார், பழைய பெட்டி ஒண்ணு இருந்தாப் போதும். நான் உக்காந்திருக்கிறதே தெரியாது சார்."

கேட்கக் கேட்க எனக்கு அழுகை வந்தது. அரங்கத்தில் இருப்பவர்களும் அழுவார்கள், வேடம் நமக்குத்தான் என்று கணக்குப் போட்டு, ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டேன். அவள் பேச்சைத்தான் பேசப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கூசிப்போவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் மேடையில் "தப்பா நெனச்சுக்காதீங்க" என்றதும் முன்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். "பழைய பெட்டி" என்றபோது அரங்கமே சிரித்தது. டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டார். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ஆனால் சிரிப்பு ருசித்துவிட்டது. அம்மா காலை இழுத்து இழுத்து நடப்பதை நடந்து காட்டினேன். எழுதாததையும் சேர்த்துக்கொண்டு குழைந்தேன், கெஞ்சினேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"காமெடி உனக்குப் பிச்சுக்கிட்டு வருதே! வேலைக்காரி வேஷம் உனக்குத்தான்," என்றார் டீச்சர். வீட்டுக்கு நடக்கும்போது என்மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

அம்மா எனக்கு முன்பே வந்துவிட்டிருந்தாள். ஒரு நாளும் அந்த நேரத்துக்கு வந்ததில்லை. கட்டிலில் காலை நீட்டி, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"கேட்டுட்டேன்டி," என்றாள். "எம்பொண்ணு அத்தன பேரு முன்னாடி பேசப் போறா, நமக்கு மட்டும் என்ன பயம்னு கேட்டுட்டேன்."

"என்னம்மா சொன்னாரு?"

"சிரிச்சாரு. எல்லாரையும் கூப்பிட்டு, இன்னொரு தடவ சொல்லு, இன்னொரு தடவ சொல்லுன்னு சிரிச்சாரு. அப்புறம், நாளையிலேர்ந்து வீட்டுலயே உக்காந்துக்கோன்னுட்டாரு."

அம்மா புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அத விடு. உனக்கு என்னாச்சு? கை தட்டினாங்களா?"

"தட்டினாங்கம்மா."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. தலையணையை முதுகுக்கு முட்டுக்கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அப்படி என்னடி பேசின? எனக்கும் பேசிக் காட்டு."