காளவாசல் தெருவில் மூடாத கதவு

காளவாசல் தெருவில் எபனேசர் வாடகைக்குப் பிடித்த வீட்டின் வாசற்கதவு, அவர்கள் குடிவந்த 1941 பங்குனியிலிருந்து மூடவில்லை. சாத்தினால் சாத்தும், தாழ்ப்பாள் போட்டால் விழும். ஆள் திரும்பி நாலு எட்டு வைப்பதற்குள் தாழ்ப்பாள் தானே விலகி, கதவு எந்த அவசரமும் இல்லாமல் சுவர்வரை போய்ச் சாய்ந்து நிற்கும். அந்த வருஷம் மண்ணெண்ணெய் விலை ஏறியது, கொழும்புத் தோணிகள் குறைந்தன, எபனேசர் வீட்டுக் கதவு மூடவில்லை. தெரு மூன்றையும் ஒரே குரலில்தான் பேசியது. மூன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவன் இருக்கிறான் என்றும் உறுதியாக நம்பியது.

எபனேசரும் அவன் மனைவி ஞானசௌந்தரியும் வேம்பாருக்குத் தெற்கே உப்பளங்களுக்கு நடுவிலிருந்த காத்திருப்போர் சபையை விட்டு வந்தவர்கள். ஆண்டவர் எந்த நேரமும் வருவார், வருகிறவர் வெளியே காத்து நிற்கக் கூடாது என்பதால் சபையின் எந்தக் குடிசைக்கும் கதவு கிடையாது. ஆண்டவர் வரும்வரை அந்த வசதியை மூப்பர் தேவதாசன் பயன்படுத்திக்கொண்டார். நினைத்த நேரத்தில் நினைத்த வீட்டுக்குள் நுழைவார், அடுப்பில் இருக்கும் சட்டியைத் திறந்து பார்ப்பார். மருந்து தொடுவது அங்கே அவிசுவாசம். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளை ஒவ்வொருவராகச் சாட்சிக்கல்லின்மேல் ஏற்றி நிறுத்துவார்கள். அந்த வாரம் வீட்டில் அப்பாவும் அம்மாவும் என்ன செய்தார்கள் என்பதைப் பிள்ளை கைகட்டிச் சபைக்குச் சொல்ல வேண்டும். நன்றாகச் சொன்ன பிள்ளைக்கு மூப்பர் தம் கையால் ஒரு துண்டு பனங்கற்கண்டு கொடுப்பார்.

அவர்களுடைய மகள் தெபொராள் ஆறு வயதில் அந்தக் கல்லில் ஏறி, தம்பிக்குக் காய்ச்சல் என்று அம்மா வெள்ளைத் தூளைத் தேனில் குழைத்து நாக்கில் தடவினாள் என்று திக்காமல் திணறாமல் சொன்னாள். மூப்பர் அந்தக் கொயினா மருந்தைக் கடலில் கொட்டச் சொன்னார். தாய்க்குப் பிள்ளையைவிட மனந்திரும்புதல்தான் அவசரம் என்று ஞானசௌந்தரியை ஜெபக் கொட்டகையில் உட்கார வைத்தார். அவளை வெளியே விட்டபோது பிள்ளையை அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். கொட்டகைக்கு இழுத்துப் போகும்போது அவள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். தெபொராள் கற்கண்டைக் கன்னத்தில் ஒதுக்கியபடி நின்றிருந்தாள். அந்த உப்பிய கன்னத்தை மறக்க ஞானசௌந்தரி எவ்வளவோ முயன்றாள், முடியவில்லை.

சபையிலேயே பிறந்து வளர்ந்த எபனேசருக்கு ஊருக்கு வந்ததும் முதலில் வாங்கத் தோன்றியது ஒரு தாழ்ப்பாள். அதைத் தானே ஆணியடித்துக் கதவின் வெளிப்பக்கம் பொருத்தினான். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அவனுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்? எதிர்வீட்டில் இருந்த சிலுவை என்பவர், தோணி நடத்தும் தண்டல், வாய்விட்டுச் சிரித்தார்.

“ஏலே எபனேசரு, இது உன்னைய உள்ள வச்சிப் பூட்டுத தாழ்ப்பாள்லா. யாருக்குப் பயந்துலே இங்கன ஓடியாந்த?”

இந்தக் கேள்வியைத் தெரு வேறு விதமாக எடுத்துக்கொண்டது. ஏற்கெனவே அந்தக் குடும்பத்தின் மேல் சந்தேகம் இருந்தது. குரல் கொடுக்காமல் அடுத்தவர் வீட்டுக்குள் நேராக அடுப்படிவரை போய் நிற்பார்கள். நெருப்பு கேட்கத்தான் போனார்கள், ஆனாலும் வீட்டுக்காரிகள் அவர்கள் போன பிறகு பாத்திரங்களை எண்ணினார்கள். வாசலில் நின்று கூப்பிடவும் கதவைத் தட்டவும் சிலுவைதான் எபனேசருக்குக் கற்றுக்கொடுத்தார். அவன் கொஞ்ச நாள் கண்ட கதவையெல்லாம் தட்டிப் பார்த்துப் பழகியது அடுத்த சந்தேகமாக முடிந்தது.

தாழ்ப்பாளை உட்பக்கம் மாற்ற வந்த மாசானம் ஆசாரி, கதவு மூடாததைத் தம் தொழிலுக்கு வந்த அவமானமாக எடுத்துக்கொண்டார். இழைத்தார், கீல் மாற்றினார், கடைசியில் கதவைக் கழற்றித் தம் பட்டறையில் மாட்டினார். அங்கே அது சமர்த்தாக மூடிக்கொண்டு கிடந்தது. திரும்பக் கொண்டுவந்து மாட்டியதும் பழையபடி திறந்தது. நிலையை மாற்றியும் பலனில்லை. ஆட்டுக்கல்லை உருட்டி முட்டுக் கொடுத்தார்கள். விடிந்து பார்த்தால் கல் உள்முற்றத்தில் இருந்தது. கயிறு கட்டினார்கள். அந்தக் கயிறு ஒழுங்காகச் சுருட்டி வாசற்படியில் வைக்கப்பட்டிருந்தது. “கதவுல குத்தம் இல்ல. குத்தம் வீட்டுக்குள்ள இருக்கு,” என்று சொல்லிவிட்டு ஆசாரி உளியை எடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்த வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

யுத்தம் இந்தப் பக்கம் நெருங்கி இருட்டடிப்பு உத்தரவு போட்டதும் போலீசுக்கும் சந்தேகம் பிடித்தது. துறைமுகத்தைப் பார்த்த வீடு, கதவு கடல் பக்கம், பொழுது சாய்ந்தாலும் சாத்துவதில்லை. யாருக்கு விளக்குக் காட்டுகிறான்? ஒரு ஏட்டு வந்து கதவைத் தாமே சாத்தி, அதன்மேல் முதுகைக் கொடுத்து நின்றார். கதவு அவரைத் தள்ளிக்கொண்டே போய்ச் சுவரோடு சேர்த்தது. அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, இனி இந்த வீட்டில் விளக்கு ஏற்றக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். சபைக்காரர்கள் இருக்கிற இடத்திலிருந்தே ஜெபித்துத் திறக்கிறார்கள் என்றது ஒரு கட்சி. எபனேசர் கள்ளச் சரக்கு வாங்க வசதியாகத் திறந்து வைத்துக்கொண்டு கதை கட்டுகிறான் என்றது இன்னொன்று. வீட்டுக்குள்ளும் இதே நிலைதான். மனைவிக்குச் சபை ஞாபகம் வந்துவிட்டதோ என்று எபனேசர் அவளைக் கவனித்தான். கணவன் யாருக்காகவோ திறந்து வைக்கிறானோ என்று ஞானசௌந்தரி அவனைக் கவனித்தாள். இருவரும் சேர்ந்து மகளைக் கவனித்தார்கள்.

உண்மையில் ஞானசௌந்தரி மகளைப் பெற்ற பிள்ளையாகப் பார்க்கவில்லை, ஒற்றனாகப் பார்த்தாள். சோறு போட்டாள், தலை வாரினாள், காய்ச்சலென்றால் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆனால் தெபொராள் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். துணிக்கு என்ன விலை என்பதைக்கூட அவள் காதுபடச் சொல்வதில்லை. பிள்ளையும் தானாக ஒன்றும் கேட்பதில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் யாரும் சொல்லாமலே கொல்லைக்குப் போய், துவைக்கிற கல்லில் ஏறிக் கைகட்டி நின்று, சுவரைப் பார்த்து உதட்டை அசைப்பாள். என்ன சொல்கிறாள் என்று கேட்கத் தாய்க்கு நெஞ்சுரம் இல்லை. காற்று வேம்பார்ப் பக்கம் அடிக்கும் நாளில், அந்தச் சொல் சபைவரை போய்விடும் என்று பிள்ளையைச் சீக்கிரம் உள்ளே கூப்பிடுவாள்.

“பச்சப் பிள்ளைல்லா அது. கேட்டாவ, சொல்லிச்சி,” என்பான் எபனேசர்.

“நாளைக்கும் கேப்பாவ. நாளைக்கும் சொல்லுவா,” என்பாள் அவள்.

இப்படி வருஷங்கள் போயின. தெருவுக்கு அந்தக் கதவு பழகிவிட்டது. கோழிகள் குறுக்குவழியாக வீட்டுக்குள் புகுந்து கொல்லைக்குப் போயின. எபனேசர் துறைமுகத்தில் பஞ்சுப் பொதி ஏற்றினான். தெபொராளுக்குப் பத்து வயதானது. 1944இல் ஒரு சனிக்கிழமை மத்தியானம் சபையிலிருந்து லேயாள் என்ற சின்னப் பெண் இடுப்பில் கைக்குழந்தையோடு, கடற்கரைச் சாலை பஸ்ஸில் வந்து இறங்கி, கேட்காமல் கொள்ளாமல் நேராக அடுப்படியில் வந்து நின்றாள். குழந்தை அனலாகக் கொதித்தது.

“அக்கா, உங்க பிள்ளைக்கு வந்த அதே காய்ச்சல். மூப்பருக்குத் தெரியாம வந்துட்டேன். என்னைய அனுப்பிராதிய.”

ஞானசௌந்தரி முதலில் செய்த காரியம், தெபொராளை ரேஷன் கடை வரிசைக்கு அனுப்பியது. வரிசை நீளம், பிள்ளை வரப் பொழுதாகும் என்று கணக்குப் போட்டாள். பிறகு சிலுவையிடம் ஓடினாள். கொயினா வந்துகொண்டிருந்த ஜாவா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து அந்த மருந்து கடைகளில் கண்ணில் படவில்லை. சிலுவை கப்பல்காரர்களிடம் வாங்கிப் பத்திரப்படுத்தியதில் கொஞ்சம், எதற்கு என்று கேட்காமல் கொடுத்தார். அடுப்படியில் அதைத் தேனில் குழைத்துக் குழந்தையின் நாக்கில் தடவிக்கொண்டிருந்தபோது, நிலையில் நிழல் தட்டியது. அரிசி வரவில்லை என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்ட தெபொராள், வெறும் பையோடு நின்றிருந்தாள். அவள் வெள்ளைத் தூளைப் பார்த்தாள், தேனைப் பார்த்தாள், லேயாளையும் குழந்தையையும் பார்த்தாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிள்ளை முன்னறைக்குப் போய், மிச்சமிருந்த அரிசியை முறத்தில் கொட்டிக் கல் பொறுக்க உட்கார்ந்தாள். எல்லாம் முடிந்தது என்று ஞானசௌந்தரி நினைத்தாள்.

அடுத்த பஸ்ஸில் மூப்பர் தேவதாசன் இரண்டு சகோதரர்களோடு வந்துவிட்டார். கதவு எப்போதும்போல் திறந்து கிடந்தது. ஆனால் விலகிப்போனவர்களின் நிலைப்படியைத் தாண்டக் கூடாது என்பது சபைச் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவரும் அவர்தான். அதனால் படிக்கு வெளியே நின்று, முறத்தோடு உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துச் சிரித்தார்.

“தெபொராள், எழுந்திரு மகளே. இன்றைக்குச் சனிக்கிழமை. சாட்சி சொல். லேயாள் இந்த வீட்டில் இருக்கிறாளா?”

பிள்ளை முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்தாள். உள்முற்றத்து ஆட்டுக்கல்லில் ஏறினாள். சபையில் பழக்கியபடியே கைகட்டி, கழுத்தை நிமிர்த்தினாள். அடுப்படிச் சுவரோரம் ஞானசௌந்தரி லேயாளின் கையைப் பிடித்தபடி, தன் குழந்தையைக் கடலோரத்தில் புதைத்த இடத்தை நினைத்துக்கொண்டு நின்றாள்.

“இங்கன யாரும் வரல ஐயா. அம்மா மட்டுந்தான் இருக்கா,” என்றாள் தெபொராள்.

“மருந்து வாடை வருகிறதே.”

“மருந்து எனக்கு. எனக்குத்தான் காய்ச்சல்.”

அவளுக்குக் காய்ச்சல் இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. மூப்பர் சட்டைப்பையிலிருந்து பனங்கற்கண்டை எடுத்து நீட்டினார். உண்மையைச் சொல்கிற பிள்ளைக்கு என்றார். அவள் கட்டிய கையை அவிழ்க்கவில்லை.

“எனக்கு வேண்டாம். அது புளிக்கும்.”

அந்த நேரம் பார்த்து அடுப்படியில் குழந்தை வீறிட்டது. காய்ச்சல் கண்ட குழந்தையின் அழுகையைத் தும்மல் என்றும் சொல்ல முடியாது, பூனை என்றும் சொல்ல முடியாது. தேவதாசன் தம் சட்டத்தைத் தாமே மீறி வலது காலைத் தூக்கினார். அப்போது கதவு மூடியது. சத்தம் இல்லை, வேகமும் இல்லை. சுவரிலிருந்து கிளம்பி, வழக்கமாகத் திறக்கிற அதே நிதானத்தில் வந்து, நிலையில் பொருந்தி நின்றது. அவர் காலைப் பின்னால் எடுத்துக்கொள்ள வேண்டிய அவகாசத்தையும் கொடுத்தது.

அதற்கப்புறம் வெளியே நடந்ததைத் தெரு முழுக்கப் பார்த்தது. தேவதாசன், தம் அப்பா ஆரம்பித்த சபையில் பிறந்தவர், பிறந்ததிலிருந்து ஒரு கதவையும் தட்டியதில்லை. மூடின கதவுக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. திறக்கும் என்று நின்றார். சகோதரர்களும் நின்றார்கள். சிலுவை தம் வாசலில் வலை பார்த்துக்கொண்டே, தட்டச் சொல்லிக்கொடுக்கலாமா என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, வேண்டாம் என்று விட்டுவிட்டார். கடைசி பஸ்ஸுக்கு நேரமானதும் மூவரும் போனார்கள்.

உள்ளே ஞானசௌந்தரி மகளைக் கல்லிலிருந்து இறக்கினாள்.

“அம்மா, நான் பொய் சொல்லிட்டேன்.”

“நல்லாத்தான்ளா சொன்ன. எங்கருந்து கத்துக்கிட்ட?”

தெபொராள் கொல்லைப் பக்கம் கையைக் காட்டினாள். “சனிக்கிழமை சனிக்கிழமை துவைக்கிற கல்லுல நின்னு சொல்லிப் பழகுனேன். அம்மா தம்பிக்கு ஒண்ணுமே குடுக்கல, நான் ஒண்ணுமே பாக்கலன்னு. அன்னைக்குச் சொல்லத் தெரியல. இனிமே யாராவது கேட்டா சொல்லணும்னு.”

ஞானசௌந்தரி அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பத்து வயதுப் பிள்ளையின் கால்கள் மடியில் அடங்காமல் தரையில் நீண்டன. இத்தனை வருஷமும் சொந்தப் பிள்ளைக்குப் பயந்து நடந்ததை நினைத்து வெட்கப்பட்டு, வாய்விட்டு அழுதாள். செத்தவனுக்கும் சேர்த்து அழுதாள். அடுப்படியில் லேயாளின் குழந்தைக்கு வியர்க்கத் தொடங்கியிருந்தது.

வேலை முடிந்து வந்த எபனேசர் மூடிய கதவைக் கண்டு திகைத்து, பிறகு தான் கற்றுக்கொண்டபடி தட்டினான். உள்ளேயிருந்து மூவரும் இழுத்தும் கதவு வரவில்லை. தாழ்ப்பாள்கூடப் போடவில்லை. அவன் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்தான். மறுநாள் மாசானம் ஆசாரி வந்து தள்ளிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். இப்போது கதவு நன்றாக இருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். அது திறக்காது என்று தெரிந்ததும் கொல்லையின் பின்சுவரை இடித்து ஒரு வாசல் வைத்தார்கள். அந்தக் கதவு எல்லாக் கதவுகளையும்போல மூடவும் திறக்கவும் செய்தது. தபால்காரர் பின்சந்து வழியாக வரப் பழகினார். கோழிகளுக்குத்தான் புது வழி பழகக் கொஞ்ச நாள் பிடித்தது. லேயாள் அங்கேயே தங்கித் தையல் கற்றுக்கொண்டாள். அவள் மகன் கொல்லையில் தவழ்ந்து, நடந்து, துவைக்கிற கல்லில் ஏறிக் குதித்து விளையாடினான். பின்வாசலை யாராவது தட்டினால் தெபொராள்தான் போவாள். யார் என்று கேட்டுவிட்டு, பதில் பிடித்தால் திறப்பாள். 1949இல் வீட்டுக்காரர் சுண்ணாம்பு அடிக்க வந்தபோது, முன்பக்கச் சுவரோடு சேர்த்து, திறக்காத அந்த வாசற்கதவுக்கும் அடித்துவிட்டுப் போனார்.