எரவாணத்துச் சவுரி

சுலோச்சனாவின் சவுரிக்கு நடந்த உபசாரம் அந்த வீட்டில் விருந்தாளிக்குக்கூட நடந்ததில்லை. எண்ணெய் முழுக்கு என்று அவள் சொல்லிக்கொண்ட வெள்ளிக்கிழமைகளில் உண்மையில் முழுகியது சவுரிதான். சிக்கை நுனியிலிருந்து விரலால் பிரித்துக்கொண்டே மேலே வர வேண்டும். அவசரப்பட்டு அடியில் சீப்பை வைத்தால் வலைத்துணியில் தைத்த முடி கொத்தாகக் கையோடு வந்துவிடும். பூந்திக்கொட்டை நுரையில் ஊறவைத்து, பச்சைத் தண்ணீரில் அலசி, பளபளப்புக்கு எலுமிச்சம்பழம் பிழிந்த தண்ணீரில் ஒருமுறை முக்க வேண்டும். முறுக்கிப் பிழிந்தால் சுருள் கெட்டுத் தேங்காய் நாராகிவிடும். வெயில் பட்டால் செம்பட்டை. நிழலில் காய்ந்ததும் பூச்சி அரிக்காமலிருக்க வேப்பிலை வைத்து, மஞ்சளில் நனைத்த துணியில் சுற்றி வைக்க வேண்டும்.

இத்தனையும் மாமியார் மங்கம்மாவுக்குத் தெரியாமல். கல்யாணத்துக்கு முன்பு வந்த விஷ ஜுரத்தில் சுலோச்சனாவின் சுருட்டை முடி கொட்டிவிட்டது. மிச்சம் தோளைக்கூடத் தொடாது. சீக்குப் பெண் என்று சம்பந்தம் நின்றுவிடுமோ என்று அவள் அம்மா வாயைத் திறக்கவில்லை. புருஷன் ராஜாராமுக்குத் தெரியும். நல்ல மனுஷன்தான், ஆனால் தாயார் முன்னால் நாக்கு எழாது.

மறுநாள் நாத்தனார் அம்முலுவுக்கு நலங்கு. தெருவே வரும். அதற்காகவே காலையில் அலசிக் காயவைத்த சவுரியைத் துணியில் சுற்றிப் பின்பக்கம் தாழ்ந்த கூரை விளிம்பில், எரவாணத்து ஓலைக்குள் செருகிவிட்டு, தலையில் துண்டோடு அடுப்படிக்குப் போனாள் சுலோச்சனா.

வாழையிலை அறுக்க வேண்டுமென்று அருவாளைத் தேடி மங்கம்மா அதே எரவாணத்தில் கையை விட்டாள். வந்தது மஞ்சள் துணி. பிரித்தால் வேப்பிலை, எலுமிச்சை வாசனை, நடுவில் சுருண்டு கிடக்கும் முடி.

"ஐயோ! எவளோ வைப்பு வெச்சிட்டாடா என் வூட்ல!"

சூனியம் வைக்கிறவர்கள் எரவாணத்தில்தான் வைப்பார்கள் என்று ஏரிக்கரைத் தெருவில் குழந்தைகூடச் சொல்லும். எருமை பால் மறுத்தது, முன்பு அம்முலுவின் வரன்கள் தட்டிப்போனது, தன் முழங்கால் வலி, எல்லாவற்றுக்கும் மங்கம்மாவுக்கு ஒரே நிமிஷத்தில் காரணம் கிடைத்துவிட்டது. ஆளும் கிடைத்துவிட்டாள்.

"பக்கத்து வூட்டு சிட்டம்மா வேலதான் இது! மோர் வாங்க வந்தவ கூரையவே பாத்துக்கினு நின்னா!"

சத்தம் கேட்டுப் பூசாரி இருசப்பன் ஓடி வந்தார். மங்கம்மா முற்றத்தில் வீசிய மூட்டையைக் குச்சியால் புரட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"கண்ணாலம் நடக்கிற வூட்ல இது கெடக்கக் கூடாது. கொளுத்திடணும். கற்பூரம் கொண்டாம்மா."

சுலோச்சனா அடுப்படி வாசலுக்கு வந்து பார்த்தாள். வாயைத் திறந்தால் மானம் போகும். மூடிக்கொண்டால் முடி போகும், பாவம் அந்தச் சிட்டம்மாவின் பெயரும் போகும். ராஜாராம் மாட்டுக் கயிற்றை முறைத்துக்கொண்டு நின்றான். பூசாரி தீக்குச்சியைக் கிழித்ததும் அவள் ஓடிப்போய் மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"கொளுத்தாதீங்க! இது சவுரி. என்னுது." தலைத் துண்டையும் அவிழ்த்துவிட்டாள். "ஜுரத்துல கொட்டின என் முடிதான் அத்தே. அம்மா பொறுக்கி வெச்சி, காஞ்சிபுரத்துல குடுத்து கட்டிக்கினு வந்தாங்க."

மங்கம்மா அந்தக் குட்டை முடியையே பார்த்தாள்.

"அப்ப வைப்பு இல்லியா?"

"இல்ல அத்தே."

"எலுமிச்சம்பயம்?"

"பளபளப்புக்கு."

"வேப்பல?"

"பூச்சிக்கு."

மங்கம்மா பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. "என் வூட்டுக்கு எவளும் கெடுதல் பண்ணலடா! மாரியாத்தா, நீ நல்லா இரு!" பிறகு பூசாரியைப் பார்த்து, "நீ இன்னாத்துக்கு இன்னும் நின்னுகினு கீற? போ, மோர் குடிச்சிட்டுப் போ" என்றாள்.

சுலோச்சனா நகரவில்லை. "பொய் சொல்லிட்டோம் அத்தே..."

"இன்னாடி பொய்? உன் முடிய நீ வெச்சிக்கினு கீற." மங்கம்மா மருமகளை இழுத்து முன்னால் உட்காரவைத்து, சவுரியில் ஒட்டிய மண்ணை ஊதினாள். குட்டை முடியை விரலால் கோதிப் பார்த்தாள்.

"ரொம்ப முடியாம கெடந்தியாடி அப்ப?"

பெண் பார்க்க வந்த நாளிலிருந்து மறைத்து மறைத்தே வந்ததால், அந்த வீட்டில் யாரும் அவளிடம் அதைக் கேட்டதேயில்லை. சுலோச்சனா "ஆமா" என்றாள். அப்புறம் அவளுக்கு அழுகை வந்தது, நன்றாக, வாய்விட்டு. நெஞ்சு லேசாகும் வரை அழுதாள். மங்கம்மா தடுக்காமல் சவுரியைச் சேர்த்துப் பின்னிக்கொண்டிருந்தாள்.